கறார் எழுதாத பதில்

நூலகர்களுக்கென்று ஒரு மாத மடல் வருகிறது என்று சொன்னால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். நம்புகிற மீதிப் பேர், "அதுல என்ன போடுவீங்க, சத்தம் போடாதீங்கன்னா?" என்று கேட்பார்கள். இந்தக் கிண்டலைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன ஒரு பெண்மணி இருந்தார். ஒரு கிளை நூலகத்தின் நூலகர். ஒருமுறை நூலகர் சங்கக் கூட்டத்துக்குத் தாமதமாகப் போனதுதான் அவர் செய்த குற்றம். அந்த நேரத்தில் ஆள் இல்லாத பொறுப்பையெல்லாம் தூக்கி வராதவர்கள் தலையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். மடலுக்கு ஆசிரியர் என்ற பொறுப்பு அப்படித்தான் அவரிடம் வந்து சேர்ந்தது, பிறகு போகவே இல்லை. யாருக்கு எங்கே மாற்றல், யார் ஓய்வு பெற்றார், யார் வீட்டில் கல்யாணம், எந்தக் கிளையில் கூரை ஒழுகி அகராதிகள் நனைந்தன என்று எல்லாம் அவர் கைக்கு வந்துதான் மற்றவர்களுக்குப் போகும். அதனால் அவருக்குச் செய்தியம்மா என்று பெயர் விழுந்தது. அவர் கணவரே சில நேரம் அப்படித்தான் கூப்பிட்டார்.

மடல் வந்ததும் ஆட்கள் புரட்டுவது இரண்டே பக்கங்கள். ஒன்று, மாற்றலும் கல்யாணமும் சாவும் வருகிற 'நம்மவர்' பக்கம். இன்னொன்று, வேலை சம்பந்தமான கேள்விகளுக்குப் பதில் வருகிற கடைசிப் பக்கம். அந்தப் பதில்களை எழுதியவர் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். இயற்பெயரை யாரும் சொல்வதில்லை. கையெழுத்தே 'கறார்' என்றுதான் போடுவார். ஆளும் அப்படித்தான்.

முனைவர் பட்டத்துக்குப் படிக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கறாரின் பதில்: "யாருக்கு?" நேர்முகத் தேர்வுக்கு எப்படி உடுத்திப் போவது என்று இன்னொருவர் கேட்டார். பதில்: "துவைத்து." பத்து வருடமாக மேலதிகாரி என்னைக் கண்டுகொள்வதே இல்லை என்று ஒருவர் புலம்பித் தள்ளியிருந்தார். "கண்டுகொண்டால் வேலை கூடும். யோசித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்" என்று பதில் வந்தது. திட்டு வாங்கவே எழுதிப்போட்டவர்கள் உண்டு. அந்தத் திட்டில் ஏதோ ஒரு நியாயம் இருந்தது, மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போதுதான் அது உறைக்கும்.

கேள்வி கேட்பவரின் பெயர் தனக்குத் தெரியக் கூடாது என்பது கறார் வைத்த சட்டம். "பேர் தெரிஞ்சா பதில் வளைஞ்சுடும்" என்பார். ஆகவே கேள்விகள் சங்க அலுவலகத்துக்குப் போகும். அங்கே எழுத்தர் பெயர், ஊர், கிளை எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கேள்வியை மட்டும் தட்டச்சு செய்து செய்தியம்மாவின் நூலகத்துக்கு அனுப்புவார். மூலத்தைக் கிழித்துப் போட்டுவிடுவார். தன் மேலதிகாரியைப் பற்றித் தைரியமாக எழுத ஆட்களுக்கு அந்த ஏற்பாடு வசதியாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் கறார் செய்தியம்மாவின் நூலகத்துக்கு வருவார். அகராதிகளும் கலைக்களஞ்சியங்களும் இருக்கும் குறிப்புதவி அறையில் சுவரோரம் உட்கார்ந்து பதில்களை எழுதுவார். எழுதும்முன் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்வார். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் பஸ் சீட்டை மடித்து அடையாளம் வைப்பார், எடுக்கமாட்டார். தலைவலித் தைல வாசனை அவர் போன பிறகும் அறையில் நிற்கும். செய்தியம்மாவிடம் அவர் பேசியதை மொத்தமாகச் சேர்த்தால் ஒரு பக்கம் தேறாது. இருவருக்கும் பெரிய ஒட்டுதல் ஒன்றும் கிடையாது. அவர் நேரத்துக்கு எழுதிக் கொடுத்தார், இவர் நேரத்துக்கு அச்சுக்கு அனுப்பினார். அவ்வளவுதான்.

ஒரு நாள் முன்மதியத்தில் நூலகத்துக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் கறார் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். "இவரு சட்டைப் பையில உங்க லைப்ரரி கார்டு மட்டும்தாங்க இருந்துச்சு. வேற யாருக்குச் சொல்றதுன்னு தெரியல" என்றார். செய்தியம்மாவும் கணவரும் போனார்கள். எரியூட்டுவதற்கு வந்தவர்களை ஒரு ஆட்டோவில் ஏற்றிவிடலாம். வெளிநாட்டில் ஒரு அண்ணன் மகன் இருப்பதாகச் சொன்னார்கள். அவனுக்குச் செய்தியம்மா எழுதிப் பார்த்தார், மறுபடியும் எழுதிப் பார்த்தார். பதில் வரவில்லை.

அந்த மாதமே 'நம்மவர்' பக்கத்தில் சாவுச் செய்தியைப் போட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. ஆனால் மடலுக்கு அதில் ஒரு பழைய சூடு இருந்தது. செய்தியம்மா பொறுப்புக்கு வந்த புதிதில், யாரோ சொன்னதை நம்பி, மாற்றலாகிப் போன ஒரு நூலகருக்கு அஞ்சலி போட்டுவிட்டார்கள். அந்த மனிதர் மடலைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்கே வந்து, "இரங்கல் கூட்டம் எப்பங்க? நானும் வரலாமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து, குடும்பத்தில் ஒருவர் எழுத்தில் கொடுக்காமல் யாரையும் சாகடிப்பதில்லை என்று சங்கம் முடிவெடுத்தது. கறாருக்கு எழுதிக் கொடுக்க ஆள் இல்லை. சட்டப்படி பார்த்தால் அவர் சாகவில்லை.

இதற்குள் அடுத்த மாதக் கேள்விகள் வந்துவிட்டன. கடைசிப் பக்கத்தைக் காலியாக விட முடியாது. இந்த ஒரு மாதம் சமாளித்துவிடலாம் என்று செய்தியம்மாவே உட்கார்ந்து பதில் எழுதினார். கறாரின் நடை தனக்கு வரும் என்று நினைக்கவில்லை, வந்தது. "பதவி உயர்வை மறுக்கலாமா?" என்ற கேள்விக்கு, "உங்கள் வீட்டில் கேட்டீர்களா?" என்று எழுதிவிட்டுத் தானே திடுக்கிட்டார். அப்படியே கறார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சங்கச் செயலாளர் மடலில் தன் புகைப்படம் வந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார், வந்திருந்தால் திருப்தியாக மூடிவிடுவார். மற்றவர்களுக்குக் கறார் ஒரு கையெழுத்துதானே தவிர ஆள் அல்ல. ஒரு மாதம் என்பது மூன்று வருடமாயிற்று.

கறார் எழுதிய கையேடு ஒன்று நூலகத்தில் இருந்தது. அதன் அட்டவணைப் பதிவில் ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த ஆண்டு இருக்கும், ஒரு சிறு கோடு இருக்கும், அதற்கப்பால் ஒன்றும் இருக்காது. ஆசிரியர் இறந்தால் அந்த இடத்தை நிரப்புவது நூலகர் வேலை. செய்தியம்மா அந்தப் பதிவைக் கண்டும் காணாததுமாக நகர்த்திவிடுவார்.

பேய் என்றால் ராத்திரியில் வரும் என்று நினைப்பவர்கள் வேலை நாளில் குறிப்புதவி அறைக்குப் போனதில்லை. நல்ல வெயில் நேரம், மின்விசிறி ஓடும், ஒரு ஆள் இருக்கமாட்டான். செய்தியம்மா பேனாவை எடுப்பார். சுவரோரம் ஒரு செருமல் கேட்கும். பிறகு பதில் முழுசாக வந்து விழும், ஒரு சொல் கூட்டக் குறைக்க வேண்டியிருக்காது. கலைக்களஞ்சியத்தைத் திறந்தால் மடித்த பஸ் சீட்டு ஒன்று மடியில் விழும். முதலில் பயந்தார். பிறகு பழகிவிட்டது. உண்மையைச் சொன்னால், உயிரோடு இருந்தபோது பேசாத மனிதர் இப்போதுதான் நன்றாகப் பேசினார்.

கணவருக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்தவர், எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத பிறவி. "என்னம்மா, உன் பேய்க்கு இந்த மாசம் என்ன கேள்வி?" என்று சாப்பிடும்போது கேட்பார்.

"பேய்னு சொல்லாதீங்க. பாவம், அவரு."

"சரி, உன் கறாரு. நம்ம வீட்டுக் குழாய் ஒழுகுதே, அதுக்கு ஏதாவது சொல்றாரா கேளு."

செய்தியம்மாவுக்கு இன்னொரு ரகசியமும் இருந்தது. அது கணவருக்கும் முழுதாகத் தெரியாது. செய்தியம்மாவின் கண் போய்க்கொண்டிருந்தது. நடுவில் எல்லாம் தெளிவாகத் தெரியும், எழுத்தும் தெரியும். ஓரங்கள்தான் இருட்டிக்கொண்டு வந்தன. மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அலுவலகத்துக்குத் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். யாரிடமும் கேட்கவில்லை. வேலைக்கு வழி சொல்கிற பக்கத்தை மாதாமாதம் எழுதியவர் தன் வேலையைப் பற்றி ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை.

அவர் சமாளித்ததெல்லாம் அணிலை வைத்துத்தான். அணில் என்பது உதவி நூலகர் பெண்ணுக்கு வாசகர்கள் வைத்த பெயர். ஏணியில் ஏறுவதும் இறங்குவதும் அப்படி. மேல் தட்டுப் புத்தகங்களை எடுப்பது, அலமாரிகளுக்கு நடுவே யாராவது விட்டுப்போன முக்காலியை ஓரம் கட்டுவது, "அக்கா, வலப்பக்கம் ஒருத்தர் நிக்கிறாரு" என்று மெதுவாகச் சொல்வது எல்லாம் அவள்தான். அவள் இல்லாத நாளில் செய்தியம்மா மேசையை விட்டு எழுந்திருக்கவே யோசிப்பார். மகள் இல்லாத செய்தியம்மாவுக்கு அவள் ஒரு பேச்சுத்துணையாகவும் ஆகியிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு இருவரும் ஒரே மேசைதான்.

ஒரு வாரம் அணிலின் போக்கு சரியில்லை. மாடிப்படியில் நின்று தொலைபேசியில் ரகசியமாகப் பேசினாள். ஒரு நாள் லீவு போட்டாள், மறுநாள் கேட்டதற்கு "சும்மாதான் அக்கா" என்றாள். அந்த வாரம்தான் சங்க எழுத்தரிடமிருந்து கேள்விகள் வந்தன. முதல் கேள்வியைப் படித்துவிட்டுச் செய்தியம்மா மறுபடியும் தொடக்கத்திலிருந்து படித்தார்.

"நான் ஒரு கிளை நூலகத்தில் உதவி நூலகர். தூரத்தில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் நல்ல பதவிக்கு அழைத்திருக்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். என்னோடு வேலை பார்க்கும் மூத்த நூலகர் அம்மாவுக்கு உடம்பு முன்போல் இல்லை. அவர் வாய்விட்டு எதையும் கேட்கமாட்டார். நான் போனால் தனியாகிவிடுவார். போகவா, இருக்கவா?"

அணில்தான். வேறு யார்? முகத்துக்கு நேரே கேட்கக் கூச்சப்பட்டுக் கறாரிடம் கேட்டிருக்கிறாள். கண்ணைப் பற்றிச் சொல்லாமல் உடம்பு என்று சொன்னதிலும் அவள் நாகரிகம் தெரிந்தது. செய்தியம்மாவுக்கு ஒரு நிமிடம் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுத்த நிமிடம், அவள் இல்லாத நூலகம் கண்முன் வந்தது. நீளநீளமான அலமாரிகள், நடுவில் எங்கேயோ ஒரு முக்காலி.

குறிப்புதவி அறையில் போய் உட்கார்ந்தார். செருமல் கேட்டது. பதிலும் வந்தது, எப்போதும் போல முழுசாக. "போங்கள். அந்த அம்மாவுக்கு நீங்கள் பிள்ளை அல்ல, சக ஊழியர். வேண்டுமென்றால் அவரே கேட்கட்டும்."

செய்தியம்மா அதை எழுதவில்லை. பேனாவைக் கீழே வைத்தார், எடுத்தார். சுவரோரம் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு தன் பதிலை எழுதினார். "இருங்கள். பதவி எங்கும் கிடைக்கும். நம்மை நம்பியிருக்கும் ஒரு மனிதர் எங்கும் கிடைக்கமாட்டார்." கீழே 'கறார்' என்று கையெழுத்துப் போட்டார்.

மடல் வெளிவந்தது. அந்தப் பதிலுக்குக் கிடைத்த வரவேற்பு வேறு எதற்கும் கிடைத்ததில்லை. கறாருக்குள்ளும் ஈரம் இருக்கிறது என்று ஆட்கள் உருகினார்கள். ஒரு கிளையில் அதை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். மடலையே படிக்காத செயலாளர் அதைக் கூட்டத்தில் வாசித்துக் கைதட்டு வாங்கினார். கணவர் மட்டும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இது உன் கறாரு எழுதினது இல்லையே. இது என் பொண்டாட்டி எழுதினது மாதிரி இருக்கே" என்றார். செய்தியம்மா குழம்பு கொதிக்கிறது என்று உள்ளே போய்விட்டார்.

மாதக் கடைசி வந்தது, போனது. அணில் எங்கும் போகவில்லை. ஏணியில் ஏறினாள், இறங்கினாள், மத்தியானம் கூட உட்கார்ந்து சாப்பிட்டாள். பதிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. செய்தியம்மாவும் கேட்கவில்லை. அவள் தட்டில் கூடுதலாக ஏதாவது வைத்தார். கடன்பட்டவர் வட்டி கட்டுவது மாதிரி அது அவருக்கே தோன்றியது.

குறிப்புதவி அறையில் செருமல் நின்றுபோனது. அடுத்த மாதக் கேள்விகளை வைத்துக்கொண்டு ஒரு காலை முழுக்க உட்கார்ந்தார், ஒன்றும் வரவில்லை. எழுதிப் பார்த்ததெல்லாம் பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி இருந்தது. ஆனால் கறார் போய்விட்டதாகவும் தெரியவில்லை. முன்பு குரலாக இருந்தவர் இப்போது ஆளாக நின்றார். நேராகப் பார்த்தால் இல்லை. பார்வையின் கடைசியில், இருட்டு தொடங்குகிற இடத்தில், அலமாரி முனையில் ஒருவர் நிற்பார். பேசமாட்டார், அசையமாட்டார். தலையைத் திருப்பினால் அலமாரி மட்டும் இருக்கும். கண் நோய் என்று செய்தியம்மா தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கண் நோய்க்குத் தைல வாசனை எப்படி வரும் என்பதற்குத்தான் பதில் இல்லை. ஒருநாள் உலகப்பட நூலைத் திறந்தபோது பஸ் சீட்டு விழுந்தது. டிப்போக்காரர் மனைவிக்குச் சீட்டின் நிறத்தைப் பார்த்தால் எந்தக் காலத்துச் சீட்டு என்று தெரியும். புதுச் சீட்டாக இருந்துவிடுமோ என்று பார்க்காமலே கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் அணில் இனிப்புப் பெட்டியோடு வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, திட்டக் கூடாது. எனக்கு வேலை கிடைச்சிருக்கு. ஒரு மருத்துவக் கல்லூரி லைப்ரரியில. ஆர்டர் கைக்கு வராம சொல்லக் கூடாதுன்னு வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன்."

செய்தியம்மா நிமிர்ந்து பார்த்தார். "மருத்துவக் கல்லூரியா? பல்கலைக்கழகம்னு இல்ல எழுதியிருந்த?"

"எங்க எழுதியிருந்தேன்?"

"கறாருக்கு. போகவா, இருக்கவான்னு."

அணில் விழித்தாள். "நான் எதுக்குக்கா அவருக்கு எழுதப் போறேன்? கேக்கணும்னா உங்களைக் கேக்கமாட்டேனா? அந்தக் கடைசிப் பக்கத்தை நான் படிக்கிறதே இல்ல. 'நம்மவர்' மட்டும்தான் படிப்பேன், யாருக்கு எங்க மாத்தல்னு பாக்க."

செய்தியம்மா நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, தான் போவதால்தான் என்று அணில் நினைத்துக்கொண்டாள். பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"உங்க கண்ணைப் பத்தி எனக்குத் தெரியும்கா. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். டாக்டர்கிட்ட எழுதி வாங்கி ஆபீஸ்ல குடுத்துடுங்க. வீட்டுக்கெல்லாம் அனுப்பமாட்டாங்க, உக்காந்து பாக்குற வேலை தருவாங்க. நான் விசாரிச்சுட்டேன். அலமாரி முனையில எல்லாம் வெள்ளை டேப் ஒட்டிட்டுப் போறேன், சரியா?"

சரி என்றார். அவள் சொன்ன எதுவும் அப்போது மனதில் ஏறவில்லை. அந்தக் கேள்வியை எழுதியது இவள் இல்லை என்றால், யார்? எங்கேயோ ஒரு கிளையில், முகம் தெரியாத ஒரு ஆள், இவருடைய பயத்துக்கு எழுதிய பதிலைத் தனக்கு என்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்த ஆள் போயிருந்தால் பரவாயில்லை. போகாமல் இருந்திருந்தால்? அலமாரி முனையில் நின்றவர் அன்றைக்கு முழுதும் நகரவில்லை.

சங்க எழுத்தருக்குத் தொலைபேசி செய்தார். "எந்த ஊர்னாவது ஞாபகம் இருக்கா?"

"அதெல்லாம் எப்படிம்மா ஞாபகம் இருக்கும்? அடிச்சதும் கிழிச்சுப் போட்டுடுவேனே. அதுதானே சட்டம்" என்றார் எழுத்தர், பாராட்டை எதிர்பார்க்கும் குரலில்.

அணில் போகும்வரை பொறுத்திருந்தார். அவளை வழியனுப்பிவிட்டு வந்து, அந்த மாத மடலில் போட வேண்டியதை எழுதினார். கறார் இறந்து மூன்று வருடமாகிறது என்று எழுதினார். அதற்குப் பிறகு வந்த பதில்கள் எல்லாம் தான் எழுதியவை என்று எழுதினார். "மூத்த நூலகர் அம்மாவுக்காக இருக்கவா என்று கேட்டவருக்கு: அந்தப் பதில் தவறு. கறார் போகத்தான் சொல்லியிருப்பார். எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் நேரில் வந்து சொல்லியிருப்பேன்." இதை எழுதி முடிக்கும்போது பக்கத்தில் செருமல் கேட்கும் என்று எதிர்பார்த்தார். கேட்கவில்லை.

செயலாளர் முதல் தடவையாக மடலை அச்சுக்கு முன்னால் முழுசாகப் படித்தார், குதித்தார். "சங்கத்தோட மானம் என்ன ஆகுறது? மூணு வருஷம் செத்தவர் பதில் சொன்னாருன்னு வெளிய தெரிஞ்சா சிரிக்கமாட்டாங்களா? இதுக்குக் குடும்பத்துக் கடிதம் எங்க?"

"அவரை எரிச்சப்ப நாங்கதான் நின்னோம். அது போதாதுன்னா என்னை எடுத்துட்டு வேற ஆசிரியர் போடுங்க. ஆனா இது வரணும்."

வேறு ஆசிரியர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று செயலாளருக்குத் தெரியும். இருந்தாலும் கோபம் பெரிதாக இருந்தது. இதுதான் செய்தியம்மா போடும் கடைசி மடல் என்று சொல்லிவிட்டு அனுமதித்தார். மடல் போனது. கையேட்டின் அட்டவணைப் பதிவில் கோட்டுக்கு அப்பால் இறந்த ஆண்டைச் செய்தியம்மா நிரப்பினார். அணில் சொன்னபடி டாக்டரிடம் சான்று வாங்கி அலுவலகத்தில் கொடுத்தார். யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. படிவம் ஒன்று போதாது, இன்னொன்று கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னார்கள்.

கறாரும் போயிருக்க வேண்டும் என்றுதான் நினைத்தார். போகவில்லை. அலமாரி முனையில் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். இன்னும் எதற்காகவோ காத்திருப்பது போல இருந்தது.

மடல் போய்ச் சில நாள் கழித்து ஒரு முன்மதியத்தில், செய்தியம்மா தனியாகத் திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பார்வையின் ஓரத்தில் ஆள் தெரிந்தது. பழகிப்போய்த் திரும்பவில்லை. ஆனால் இந்தத் தடவை ஆள் அசைந்தது. கறார் ஒருநாளும் அசைந்ததில்லை. செய்தியம்மாவின் கையிலிருந்த புத்தகம் நழுவிக் கீழே விழுந்தது.

"பயந்துட்டீங்களா? மன்னிச்சுக்கங்க அம்மா" என்று சொல்லிக் குனிந்து எடுத்தார் அந்த மனிதர். நாற்பது வயதைத் தாண்டியவர். தோளில் பை, கைமடிப்பில் தூசி. புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்து, சரியான இடத்தில் தானே செருகினார். நூலகர்தான்.

"மடல் பார்த்தேன்" என்றார். "அந்தக் கேள்வி நான் கேட்டது."

செய்தியம்மா அவரை உட்காரச் சொன்னார். குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் தண்ணீரைத் தொடவில்லை.

"போனீங்களா?" என்று கேட்டார் செய்தியம்மா. கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"இல்லைங்க. இருந்துட்டேன். அந்தப் பக்கத்தை வெட்டிப் பர்ஸ்ல வச்சுக்கிட்டேன். எங்க அம்மா, மூத்த நூலகரை அப்படித்தான் கூப்பிடுவேன், அவங்ககிட்ட சொல்லவே இல்ல. பெருசா தியாகம் பண்ணின மாதிரி காட்டிக்கக் கூடாதுன்னு." லேசாகச் சிரித்தார். "அடுத்த மாசமே அவங்க வேலையை விடுறதா எழுதிக் குடுத்துட்டாங்க, மகளோட போய் இருக்கப் போறேன்னு. அப்புறம்தான் சொன்னேன். 'உனக்கென்ன பைத்தியமா? உன்னை யாரு இருக்கச் சொன்னது?'ன்னு திட்டினாங்க. வெட்டி வச்சதைக் காமிச்சேன். படிச்சுட்டு மடிச்சுத் திருப்பிக் குடுத்துட்டாங்க."

"இப்ப?"

"கிளையை மூடுறாங்க. புத்தகத்தை எல்லாம் கட்டிக்கிட்டிருக்கேன், தலைமை நூலகத்துக்கு அனுப்ப. அதுக்கப்புறம் எங்க போடுவாங்கன்னு தெரியாது. அந்தப் பல்கலைக்கழகத்துல வேற ஒருத்தர் சேந்துட்டாரு. 'நம்மவர்'லயே வந்துச்சே, நீங்கதானே போட்டீங்க."

போட்டது ஞாபகம் இருந்தது. வாழ்த்துகள் என்றுகூடச் சேர்த்திருந்தார். செய்தியம்மாவுக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "என்னைத் திட்டிடுங்க தம்பி" என்றார். "நல்லாத் திட்டிடுங்க."

"திட்ட வரலைங்க. தப்புன்னு போட்டிருந்தீங்க, சரி. ஏன்னு போடல. அதை மட்டும் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். என்னைத் தெரியாது உங்களுக்கு. எங்க அம்மாவையும் தெரியாது. எதுக்கு இருக்கச் சொன்னீங்க?"

மென்று விழுங்கக்கூடிய பதில்கள் நாலைந்து இருந்தன. செய்தியம்மா அவற்றைத் தேடவில்லை. "உங்களுக்குச் சொல்லல. இங்க என்கூட ஒரு பொண்ணு வேலை பாத்தா. அவதான் கேட்டிருக்கான்னு நினைச்சுட்டேன். அவ போயிட்டா எனக்கு யாரும் இல்லன்னு பயந்து எழுதினேன்."

அவர் எதிரே இருந்த காலி மேசையைப் பார்த்தார். மேசைமேல் ஒரு பேனாக்கூடு மட்டும் இருந்தது. அலமாரி முனைகளில் வெள்ளை டேப் வரிசையாகத் தெரிந்தது.

"அவங்க இருந்தாங்களா?"

"இல்ல. போயிட்டா."

"அப்ப நான் மட்டும்தான் இருந்தேன்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு முகவரியைச் சரிபார்த்துக்கொள்கிறவர் மாதிரி சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். கும்பிட்டுவிட்டு வாசல் பக்கம் நடந்தார். செய்தியம்மாவும் எழுந்தார். அந்த மனிதரை அப்படியே அனுப்பக் கூடாது. தலைமை நூலகத்தில் யாரிடமாவது பேசலாம், ஏதாவது செய்யலாம், குறைந்தது ஒரு வாய் தண்ணீராவது குடிக்க வைக்கலாம். கூப்பிட வாயைத் திறந்தார். வாயில் வந்த சொல் "இருங்க" என்பதுதான். அதைச் சொல்ல அவரால் முடியவில்லை. அந்த மனிதர் ஓரத்து இருட்டுக்குள் போய்விட்டார், படியில் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.